குறுக்குக் காற்றும் மோட்டார் சைக்கிளின் முன்னுறையும்

விசையின் திருப்புத்திறனை நடத்தும்போது கதவு, திருகுச்சாவி ஆகியவற்றோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. ‘ஃபேரிங்’ எனப்படும் பந்தய மோட்டார் சைக்கிளின் முன்னுறையையும் எடுத்துக்கொள்கிறேன். ‘விசை எவ்வளவு?’ என்று மட்டும் கேட்கும் மாணவர்கள், ‘அது எங்கே செயல்படுகிறது?’ என்றும் கேட்கத் தொடங்குகிறார்கள். சில ஆண்டுகளில் வண்டி ஓட்டப்போகும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது கேள்வி முக்கியம்.

வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். இதனால்தான் இத்தாலியின் மோட்டோ குஸி நிறுவனம் 1950-இல் மண்டெல்லோ டெல் லாரியோ என்ற ஊரில் காற்றுச் சுரங்கமே கட்டியது. முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் உறைகள் பந்தயத்துக்கு வந்தன. ஆங்கிலத்தில் அவற்றுக்குக் குப்பைத்தொட்டி என்று பெயர்! 1953 முதல் 1957 வரை 350 சிசி உலகப் பட்டம் தொடர்ந்து குஸிக்கே கிடைத்தது.

சிக்கல் பக்கவாட்டில் வந்தது. வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்ல, குறுக்கே 40 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், ஓட்டுபவர் மீது காற்று ஏறத்தாழ 22 பாகை சாய்வாக, 108 கி.மீ. வேகத்தில் மோதும். (வெக்டர் கூட்டலுக்கு நல்ல கணக்கு.) உறையின் பரப்பு முன்பக்கம் குவிந்திருப்பதால் காற்றழுத்த மையம் நிறை மையத்துக்கு முன்னால் போய்விடும். வண்டியின் முகம் காற்றின் போக்கில் திரும்பும். 1957-ஆம் ஆண்டு முடிவில் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு இவ்வுறைகளைப் பந்தயங்களில் தடைசெய்தது.

வகுப்பில் காட்ட, வண்டியின் பக்கத்தோற்றத்தை அட்டையில் வெட்டி, நிறை மையத்தின் வழியே செங்குத்தாக உறிஞ்சுகுழல் ஒட்டி, சைக்கிள் கம்பியில் செருகுங்கள். முன்னால் அகலமான அட்டை ஒட்டி, மின்விசிறிக்குச் சற்றுச் சாய்வாகப் பிடித்து விடுங்கள். முகம் விலகி ஓடும். அட்டையைப் பின்னால் மாற்றினால் காற்றை நோக்கித் திரும்பும். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் களிமண் ஒட்டி நிறை மையத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்கவேண்டாம்.

‘அப்படியானால் பெரிய வால் வைத்தால் போதுமே?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். வால் முகத்தை நேராக்கும். ஆனால் மொத்தப் பக்கப்பரப்பு கூடுவதால் காற்று வண்டியைச் சாய்க்கும் விசையும் கூடும். உயரத்தில் படும் விசைக்குத் திருப்புத்திறன் இன்னும் அதிகம். அதை அடுத்த வகுப்புக்கான கணக்காகக் கொடுத்துவிடுகிறேன்.