கறுத்துப்போன மயில்கண்

கேள்வி: 50 எம்.எம். லென்ஸை ரிவர்ஸ் ரிங் போட்டுத் திருப்பி மாட்டி மயிலிறகை நெருக்கத்தில் எடுக்கிறேன். நேரில் தகதகக்கும் நீலமும் பச்சையும் படத்தில் காப்பிக்கொட்டை நிறத்தில் விழுகின்றன. வெளிச்சத்துக்காக ஜன்னல் கண்ணாடியிலேயே இறகை ஒட்டித்தான் எடுக்கிறேன். லென்ஸை மாற்ற வேண்டுமா? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகளும் ஓர் இறகு கேட்கிறாள்; கூரியரில் அனுப்பலாமா?
– வாசகி, மணப்பாறை

பதில்: லென்ஸில் கோளாறு இல்லை; ஜன்னலில்தான். ஒளி பின்னாலிருந்து வந்தால் எந்த மயிலிறகும் பழுப்புதான். அதிலுள்ள சாயம் மெலனின், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே நிறமி. நீலமும் பச்சையும் சாயமே அல்ல. இழையிலிருந்து கிளைக்கும் நுண்ணிழைகளுக்குள் மெலனின் குச்சிகள் கம்பிவலை போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கு எந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறதோ அதுதான் நமக்குத் தெரியும் நிறம். ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட அளவுப்படி, நீலத்துக்கும் பச்சைக்கும் குச்சிகளின் இடைவெளியில் வித்தியாசம் சுமார் 10 நானோமீட்டர்தான். தண்ணீர் பட்டால் இந்த நிறம் போய்விடுவதை ராபர்ட் ஹூக் 1665இலேயே எழுதிவைத்தார். பளபளப்பு கூடுமென்று இறகின்மேல் தண்ணீர் ஸ்பிரே அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

இறகைக் கறுப்பு சார்ட் அட்டையில் படுக்கவைத்து, காம்பை மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், மூச்சுக்காற்றுக்கே நுனி ஆடும். கேமரா நேர் மேலே இருக்கட்டும். இந்த நெருக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் கூர்மையாக விழுவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழம்தான். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் பாதி இறகு புகையாகிவிடும்.

இனி டார்ச். முகப்பில் பட்டர் பேப்பர் சுற்றி, இறகைச் சுற்றிக் கடிகார முள் போல மெல்ல நகர்த்துங்கள்; கண்ணைத் திரையில் வையுங்கள். ஓரிடத்தில் நடுவிலிருக்கும் கருநீலம் பற்றிக்கொள்ளும், வெளிவட்டத்துப் பச்சை அடங்கிவிடும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் செம்பு வளையம் எழும். எல்லாம் ஒரே படத்தில் வேண்டுமென்றால் இருபுறமும் இரண்டு விளக்கு. எனக்கென்னவோ ஒற்றை விளக்குப் படம்தான் பிடிக்கும். கறுப்புப் பின்னணி மீட்டரை ஏமாற்றும், ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் சாச்சுரேஷனை ஏற்றினால் பட்டுச்சேலை விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

கூரியர் வேண்டாம். தானாக உதிர்ந்த இறகை வீட்டில் வைத்திருக்கலாம். இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பத் தடை இருக்கிறது.