பாகங்களைத் திருப்பித் தூக்கும் முன்: ஓடாத புது கம்ப்யூட்டருக்கு ஒரு வழிகாட்டி

சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, புறநகர் ரயிலில் எளாவூர் கொண்டுவந்து, பொறுமையாகப் பூட்டியாயிற்று. பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. உடனே எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர் ஓடாவிட்டால், பாகம் கெட்டிருப்பதைவிட எங்கோ ஒரு கனெக்டர் முழுதாக உட்காராமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்து ராத்திரியில் பூட்டுகிறவர்கள், சரிபார்க்கும் வேலையையாவது பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். போர்டில் அச்சடித்த எழுத்து எறும்பு அளவுதான் இருக்கும்.

ஃபேன்கூடச் சுற்றவில்லை என்றால் சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயின்டில் வேறொரு சாதனம் ஓடுகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்கிறதா? சில மலிவான எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று இன்னொரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்து ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் வெடித்துப் போகும்.

கேபினட் விளிம்பில் விரல் பட்டதும் சுருக்கென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டரிலிருந்து கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினட்டின் தகட்டிலேயே நிற்கும். வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகே மற்றதெல்லாம். முதல் சோதனையை இன்வெர்ட்டர் லைனில் செய்யாமல் நேரடி கரன்ட்டில் செய்வது நல்லது.

இனி பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே பாருங்கள். மதர்போர்டின் 24 பின் கனெக்டர் 'கிளிக்' என்று பூட்டியிருக்க வேண்டும். ப்ராசஸருக்கு மேலே மூலையில் இருக்கும் 8 பின் கனெக்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குரிய கேபிள் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2. ஒன்றை மற்றதில் அழுத்தித் திணிக்காதீர்கள். அப்போதும் அசையவில்லை என்றால், கேபினட் பட்டனின் சிறு வயரைக் கழற்றிவிட்டு, கரன்ட் கொடுத்து, பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். வேறு பின்னில் முனை படக் கூடாது. ஓடினால் குறை பட்டனில் அல்லது அதன் வயரில். எக்காரணம் கொண்டும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டால் ஷார்ட் இருக்கலாம். போர்டில் துளை இல்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்ட் ஒன்று முட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் நான் நம்பும் வழி.

ஃபேன் ஓடுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை: இதுதான் அதிகம் கேட்கும் புகார். ரேமைக் கழற்றி, ஒன்றை மட்டும் ப்ராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், கிளிப் விழும்வரை அழுத்துங்கள். டிடிஆர்5 ரேம் என்றால் முதல் தடவை திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். அது பழுதல்ல, அவசரப்பட்டு அணைக்காதீர்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் கோர் ப்ராசஸர்களுக்கும், ரைசன் 5 5600 போன்றவற்றுக்கும் சொந்தமாக டிஸ்ப்ளே தரும் திறன் கிடையாது. போர்டு ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ என்ற விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை ப்ராசஸர் போட்டிருந்தால் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். பில் வாங்கும்போதே கடையில் செய்து தரச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் வாரன்டி தனித்தனி. பில்லும் சீரியல் எண் ஒட்டிய பெட்டியும் கையோடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். இன்டெல் மதர்போர்டைக் கொண்டுபோனால், சாக்கெட் மேல் வந்த பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் போட்டே எடுத்துச் செல்லுங்கள். ரயில் நெரிசலில் ஒரு பின் வளைந்தாலும் வாரன்டி மறுக்கப்படலாம்.