இத்தாலிய ஒயின்: எழுத்தை விட்டுத் தயாரிப்பாளரைப் பாருங்கள்

லேபிளில் டிஓசிஜி என்று இருந்தால் முதல் தரம், டிஓசி இரண்டாம் தரம், ஐஜிடி மூன்றாம் தரம் என்ற கணக்கோடுதான் பலரும் இத்தாலிய ஒயின் வாங்கப் போகிறார்கள். கடைக்காரர்களே அப்படிச் சொல்லி விற்பதும் உண்டு. அந்தக் கணக்கை நம்பாதீர்கள். அந்த எழுத்துகள் சுவைக்குப் போட்ட மதிப்பெண் அல்ல. எவ்வளவு இறுக்கமான விதிக்குள் அந்த ஒயின் உருவானது என்பதையே சொல்கின்றன.

ஐஜிடி என்பது ஒரு வட்டாரத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை. லேபிளில் 'தோஸ்கானா' என்று இருந்தால், குறைந்தது 85 சதவீதத் திராட்சை அந்த மாநிலத்தில் விளைந்திருக்க வேண்டும். மற்ற இரண்டிலும் முழுத் திராட்சையும் வரையறுத்த எல்லைக்குள் விளைய வேண்டும். எந்த ரகம், எவ்வளவு மகசூல், எப்போது விற்பனைக்கு வரலாம் என்பதெல்லாம் அங்கே சட்டம். டிஓசிஜி பாட்டிலின் கழுத்தில் வரிசை எண்ணோடு ஒரு காகிதப் பட்டை, திறந்தால் கிழியும்படி ஒட்டியிருக்கும். சோதனையில் தேறிய ஒயின் என்பதற்கு அது சான்று. உங்கள் நாக்குக்குப் பிடிக்கும் என்பதற்கு அல்ல.

ஐஜிடியை மட்டமாக நினைப்பவர்கள் அதன் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோஸ்கானா கடற்கரையோரம் பொல்கேரியில், கபெர்னே சோவின்யோன் திராட்சையில் செய்த சஸ்ஸிகாயா, 1968 விளைச்சலிலிருந்து விற்பனைக்கு வந்தது. அதற்குப் பொருந்தும் டிஓசி அங்கே அப்போது இல்லை. கியாந்தி பகுதியின் தின்யானெல்லோவோ, அன்றைய விதி கட்டாயமாக்கியிருந்த வெள்ளைத் திராட்சையை 1975-இல் அடியோடு கைவிட்டது. உலகமே தேடி வாங்கிய இரண்டும், அடிமட்ட வகையான 'மேசை ஒயின்' என்ற பெயரில் விலைபோயின! இந்த அபத்தத்துக்கு முடிவுகட்டத்தான் 1992-இல் ஐஜிடி சட்டமானது. சஸ்ஸிகாயாவுக்குப் பின்னர் டிஓசி கிடைத்தது. தின்யானெல்லோ இன்றும் ஐஜிடிதான்.

ஆனால் அதே 'தோஸ்கானா ஐஜிடி' பெயரில் மிகச் சாதாரண ஒயினும் வரும். அதனால் பாட்டிலைத் திருப்பிப் பின் லேபிளின் பொடி எழுத்தைப் படியுங்கள். 'இம்போத்தில்யாத்தோ அல்லோரிஜினே' என்று இருந்தால், திராட்சை விளைவித்தவரோ அவர் சேர்ந்த கூட்டுறவோ ஒயின் செய்து பாட்டிலில் அடைத்தது என்று பொருள். என் அனுபவத்தில், அந்த எழுத்துகளைவிட இந்த ஒரு வரியும் தயாரிப்பாளர் பெயரும் அதிகம் சொல்லும்.

ஒரு குழப்பத்திலும் சிக்காதீர்கள். 'மோந்தேபுல்சானோ தாப்ருட்சோ'வில் மோந்தேபுல்சானோ என்பது திராட்சை ரகம். விளைவது அப்ருட்சோ மாநிலத்தில். 'வினோ நோபிலே தி மோந்தேபுல்சானோ'வில் அது தோஸ்கானாவின் ஒரு மலையூர். அங்கே முக்கியத் திராட்சை சாஞ்சோவேசே. இரண்டும் வேறு வேறு ஒயின், விலையும் வேறு.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தெற்கு இத்தாலியைச் சொல்வேன். சலெந்தோ ஐஜிடியில் பிரிமித்தீவோ அல்லது நெக்ரோஅமாரோ, சிசிலியில் நேரோ தாவோலா என்று கேளுங்கள். வெயிலில் பழுத்த திராட்சை என்பதால் கனிச்சுவை தூக்கலாக இருக்கும். காரசாரமான இறைச்சிக்கும் ஈடுகொடுக்கும். விலை குறைந்த ஐஜிடி சிவப்பை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். விளைச்சல் ஆண்டிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிடுவது நல்லது. வீடு வெக்கையாக இருந்தால், திறப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.