காட்டுத்தீ எவ்வளவு ஆழம் இறங்கும்?

பங்குனி மாதத்து இரவுகளில் சிவகாசியில் வீட்டு மாடியில் நின்று மேற்கே பார்த்தால், சில நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் செந்நிறக் கோடு ஒன்று வளைந்து நெளிந்து தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது, "மலைக்கு மாலை போட்டிருக்கு, இனி மழை வந்துரும்" என்பார் என் பாட்டி. மலை எரிவதால் மழை வருவதில்லை; மழைக்கு முந்திய வறட்சியில்தான் மலை எரிகிறது. இதைப் பாட்டியிடம் சொல்லும் துணிவு எனக்கு அப்போது இல்லை.

நம் மாவட்டத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் கிடைக்கிறது. தை பிறந்ததும் மலையடிவாரக் காடுகளில் இலைகள் உதிரத் தொடங்கும். புல் வைக்கோலாகிவிடும். பிறகு ஓர் அணையாத பீடித்துண்டு போதும். மின்னலால் தீப்பற்றுவது நம் பக்கத்தில் அரிது. மின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருகிறது அல்லவா? எனவே இந்தத் தீ பெரும்பாலும் மனிதன் வைத்ததே.

தீயைப் பற்றிச் சிவகாசி மாணவருக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கரிமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. அதனால்தான் இறுகச் சுற்றிய காகிதக் குழலுக்குள்ளும் மருந்து எரிகிறது. காட்டுத்தீக்கு அந்த வசதி இல்லை. அது காற்றை நம்பி வாழ்கிறது. சூடான வாயுக்கள் மேலெழுந்து வெப்பத்தின் பெரும்பகுதியை வானத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன. மண்ணுக்குள் வெப்பம் இறங்க வேண்டுமானால் கடத்தல் ஒன்றே முக்கிய வழி. உலர்ந்த மண்ணோ மிக மோசமான கடத்தி.

சித்திரை வெயிலில் ஆற்று மணலில் வெறுங்காலோடு நடந்திருப்பீர்கள். கால் சுட்டதும் என்ன செய்தீர்கள்? பெருவிரலால் மணலைத் தள்ளிப் பாதத்தை உள்ளே புதைத்துக்கொண்டிருப்பீர்கள். நான்கு விரற்கடை ஆழத்தில் மணல் குளுமையாக இருக்கும். காட்டில் நடப்பதும் இதுவே.

இங்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெப்பம் கடத்தலால் இறங்கும் ஆழம் நேரத்துக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை. நேரத்தின் வர்க்கமூலத்துக்கே நேர்விகிதத்தில் அமைகிறது. புல் எரியும் தீ ஓரிடத்தில் இரண்டு நிமிடம் நிற்கிறது என்று கொள்வோம். உலர்மண்ணில் வெப்பம் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் இறங்கும். அதே இடத்தில் விழுந்து கிடக்கும் அடிமரம் ஒன்று 200 நிமிடம் கனன்றால்? நேரம் 100 மடங்கு. ஆழம் 10 மடங்கு. அதாவது 5 சென்டிமீட்டர். முதல் தீயில் புல்லின் வேரும் மண்புழுவும் எறும்புப் புற்றும் தப்பும். இரண்டாம் தீயில் அந்த இடத்து விதைகளும் நுண்வேர்களும் வெந்துபோகும். தீயின் உயரத்தைக் கண்டுதான் நாம் அஞ்சுகிறோம். மண்ணுக்கு முக்கியமானது அது எவ்வளவு நேரம் தங்கியது என்பதே.

மரப்பட்டைக்கும் இதே கணக்கை வையுங்கள். பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம் உண்டு. அது ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸை எட்டினால் இறந்துவிடும். பட்டை இரு மடங்கு தடித்திருந்தால் மரம் நான்கு மடங்கு நேரம் தாங்கும். முதலையின் முதுகுபோல் வெடித்த கருமருதின் பட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? வேங்கையும் தேக்கும்கூடத் தரைத்தீயைத் தாங்கும். ஆனால் கருமருதின் கன்றுக்குத் தடித்த பட்டை ஏது? முதுமலையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் தொடங்கி 50 ஹெக்டேர் காட்டில் ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள செடிவரை எண்ணிவருகிறார்கள். தீ வந்த ஆண்டுகளில் அங்கே சிறு தண்டுகள் மிகுதியாக மடிந்தன, பெருமரங்கள் நின்றன. பல கன்றுகள் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். துளிர்த்தது பட்டை தடிப்பதற்குள் அடுத்த தீ வந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான். வெளிப்பார்வைக்குக் காடு அப்படியே இருக்கும். பிள்ளைகள் இல்லாத ஊர்போல.

புல்லின் கதை வேறு. அதன் வளர்முனை தரையோடு ஒட்டியிருக்கிறது. மேலே எரிந்தாலும் ஒரு மழையில் பச்சை தலைகாட்டும். அந்த இளம்புல்லைத் தேடிக் கடமானும், உச்சிப் புல்வெளிகளில் வரையாடும் வரும். தீ எரியும்போதே அதன் முன்னால் பறந்து ஓடும் பூச்சிகளைப் பிடிக்கக் கரிச்சான்கள் கூடிவிடும். நட்சத்திர ஆமைக்கும் தரையில் முட்டையிட்ட காட்டுக்கோழிக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

நம் மலையின் விருந்தாளி சாம்பல் நிற அணில். அதற்காகவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இந்த அணில் ஓடைக்கரை மரங்களின் உச்சியில் கூடு கட்டி, கிளைவிட்டுக் கிளை தாவியே வாழ்கிறது. தீ ஓடைக்கரையை அரித்து மரங்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கினால் அது தரையில் இறங்கியாக வேண்டும். அங்கே பகை காத்திருக்கும். ஆக, வரையாட்டுக்கு விருந்து வைக்கும் தீயே அணிலுக்கு வீதியை அறுத்துவிடுகிறது.

மண்ணுக்கு வருவோம். எரியும்போது தழைச்சத்தாகிய நைட்ரஜனின் பெரும்பகுதி வாயுவாகிப் பறந்துவிடும். பொட்டாசியமும் கால்சியமும் சாம்பலில் தங்கும். நம் உழவர்கள் பொட்டாசியத்தைச் 'சாம்பல் சத்து' என்று அழைப்பது எவ்வளவு பொருத்தம்! அக்காலத்தில் வெடியுப்பு காய்ச்சியவர்களும் உப்புமண் கரைசலில் மரச்சாம்பலைக் கலந்தே பொட்டாசியத்தைச் சேர்த்தார்கள். ஆனால் சாம்பலை நீர் எளிதில் அடித்துச் சென்றுவிடும். செங்குத்துச் சரிவில் பெருமழை கொட்டினால் மேல்மண்ணோடு சேர்ந்து ஓடைகளில் இறங்கிப் பிளவக்கல் அணைக்கும் கண்மாய்களுக்கும் போய்ச் சேரும்.

அப்படியானால் தீயை அறவே ஒழித்துவிடலாமா? கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் மக்கள் கோடையின் தொடக்கத்திலேயே, சருகு குறைவாக இருக்கும்போது, சிறு தீ வைப்பது வழக்கமாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த சரணாலய அறிவிப்பும் அதை நிறுத்தின. அதன்பின் உண்ணிச்செடி காட்டை மூடியதென்றும், நெல்லி மரங்களில் ஒட்டுண்ணி பெருகியதென்றும் அவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் புறந்தள்ளுவது தவறு என்பது என் கருத்து. அதற்காக நம் மலையில் எவரும் தீக்குச்சியோடு ஏறலாம் என்று பொருளல்ல. உண்ணிச்செடி புதர்போல மண்டிய இடத்தில் தீ நெடுநேரம் தங்கும். மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கு அங்கே வேறு விடையைத் தரும். சோலைக்காட்டு மரங்களுக்கோ பட்டையே மெல்லியது. ஈரம்தான் அவற்றின் கவசம்.

கடைசியாக ஒன்று. 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏற்றத்தில் தீயின் சுவாலை மேலிருக்கும் புல்லை நோக்கிச் சாய்கிறது. அது தொடுமுன்பே கதிர்வீச்சால் புல்லைக் காய்ச்சி வைத்துவிடுகிறது. ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் தீயின் வேகம் இரு மடங்காகும் என்பது ஆஸ்திரேலிய வனத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. சமதளத்தில் நடைவேகத்தில் வரும் தீ, 30 டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு வேகத்தில் ஏறும். மனிதனோ ஏற்றத்தில் மெதுவாகிறான். எனவே மலையில் தீயைக் கண்டால் உச்சியை நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள்; பாறைத்தளம், ஓடைப்படுகை அல்லது ஏற்கெனவே எரிந்து கருகி அடங்கிய நிலம் இருந்தால் அங்கே போய் நில்லுங்கள். அங்கே மறுபடி எரிய எதுவும் மிச்சமில்லை.