வாரண்டி காருக்கு வேறு அளவு டயரா?

யாங்கூன் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கிறதே என்று புதுக் காருக்குப் பெரிய டயர் போட நினைக்கிறீர்களா?

• ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டிய சீட்டில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

• 185/65 ஆர்15-க்குப் பதில் 195/65 ஆர்15 போட்டால் விட்டம் 13 மி.மீ. கூடும், கார் உயர்வதோ ஆறரை மி.மீ.தான்!

• விட்ட வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும்.

• ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். டயர் எங்கும் உரசக் கூடாது.

• டீலரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நாளை பேரிங், சஸ்பென்ஷன் பழுதானால் டயரைக் காட்டி வாரண்டியை மறுக்கலாம்.

• வாரண்டி முடியும்வரை பழைய டயர்களை விற்காதீர்கள்.