தண்ணீர் போகிற வழியே வா

அம்பாசமுத்திரம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. குற்றாலம், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு, மாஞ்சோலை, நெல்லையப்பர் கோயில், திருச்செந்தூர். எல்லாம் இரண்டே நாளில், வாடகை வேனில். இப்படி வந்தால் நீங்கள் நாலு பேரும் வேனுக்குள்தான் அதிக நேரம் இருப்பீர்கள். குற்றாலத்துக்கு ஜனவரியில் வேலையும் இல்லை. சாரல் காலம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. அப்போது வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இந்தத் தடவை தாமிரபரணியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழும் வரைக்கும் 130 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிற ஆறு இது. பிறப்பதும் தமிழ்நாட்டில், கடல் சேர்வதும் தமிழ்நாட்டில். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இதற்குத் தண்ணீர் தருகின்றன. அதனால்தான் இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். நீங்கள் வரும்போது பிசானப் பயிர் பச்சையாக நிற்கும்.

முதல் நாள் காலையில் பாபநாசம். அங்கிருந்து மேலே போகிற சாலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக்கை எடுத்து வைத்துவிடுவார்கள். கோபப்படாமல் கொடுத்துவிடு. அகத்தியர் அருவியில் பெரும்பாலும் வருஷம் முழுவதும் தண்ணீர் விழும். குளித்துவிட்டு இறங்கிவிடுங்கள். எந்த அருவி திறந்திருக்கிறது, எந்தச் சாலையில் விடுகிறார்கள் என்பதெல்லாம் மழையையும் வனத்துறையையும் பொறுத்தது. அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். அகத்தியர் மலை உச்சிக்கு ஏறலாமா என்று உன் நண்பன் கேட்டிருந்தானே, அதற்கு வழி கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து, அந்த மாநில வனத்துறை அனுமதியோடு. இந்தப் பக்கமிருந்து நினைக்க வேண்டாம்.

பாபநாசம் படித்துறையில் நீ முகம் சுளிக்கிற மாதிரி ஒன்று கண்ணில் படும். பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பாறை இடுக்கிலெல்லாம் பாலியஸ்டர் சேலையும் வேட்டியும் சுற்றிக் கிடக்கும். ஊர் இளைஞர்கள் இறங்கி அள்ளுவார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் சேர்ந்துவிடும். எந்தப் பாவம் தீர்கிறதோ எனக்குத் தெரியாது. ஆற்றுக்குப் பாரம் ஏறுகிறது, அது தெரிகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சுற்றுலாக்காரர்கள் அருவியையும் அணையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஆற்றின் நிஜமான அதிசயம் அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசியான திருவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. பாபநாசம் மேலணையைப் போல 143 அடிக்குத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற அணை இல்லை இவை. ஆற்றின் குறுக்கே தாழ்வான கல் சுவர், அவ்வளவுதான். தண்ணீரைச் சற்றே உயர்த்திப் பக்கத்துக் கால்வாய்க்குத் திருப்பிவிடும். மிஞ்சியது சுவர் மேலேயே வழிந்து போகும். கால்வாய் வயலுக்கும் குளத்துக்கும் பாயும். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த குளம். வயலில் வடிந்த தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே வந்து சேரும். அதைக் கீழே இருக்கிற அணைக்கட்டு பிடித்துக்கொள்ளும். ஒரே தண்ணீர் எத்தனை தடவை வேலை செய்கிறது பார். நீ பொறியியல் படிக்கிறவன், உனக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கன்னடியன் கால்வாய்க்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த செல்வத்தைக் கொண்டு கால்வாய் வெட்ட நினைத்தாராம். ஒரு பசுவை முன்னே விட்டு, அது நடந்த வழியே கால்வாய், சாணம் போட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம் என்று அமைத்தாராம். கதைதானே என்று சிரித்துவிடாதே. மேயப் போகிற மாடு செங்குத்தாக ஏறாது, செங்குத்தாக இறங்காது. நிலத்தின் மட்டத்தை ஒட்டியே நடக்கும். கால்வாய்க்கும் அதுதான் வேண்டும்.

ஆகவே வேனை விட்டுவிட்டு இங்கே சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து கால்வாய்க் கரையோரமாகச் சேரன்மகாதேவி, பத்தமடை வரை வரலாம். இடையில் யாராவது மடை திறக்கிறதைக் கண்டால் நின்று பேச்சுக் கொடு. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற வீடுகள் இருக்கின்றன. கோரையைக் காயவைத்து, கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துத்தான் தறிக்கு வரும். எவ்வளவு மெல்லியதாகக் கீறுகிறார்களோ அவ்வளவு பட்டாக வரும் பாய். வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பாதே. ஒரு சின்னப் பாயாவது வாங்கு.

சாயங்காலம் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேர்கிற இடம். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள் நிலை நிலையாகச் சுவர் ஓவியமும் மரச் சிற்பமும் இருக்கின்றன. மேலே விடுவார்களா என்று முன்கூட்டிக் கேட்க வேண்டும். விடாவிட்டாலும் பரவாயில்லை. ஆற்றங்கரை மருத மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் வந்து அடைகிற நேரம் அது. பறவைகளுக்காக 2005-லேயே இந்த இடத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்துவிட்டார்கள். மரத்தடியில் நின்று கத்தினால் ஊர்க்காரர்களே திட்டுவார்கள்.

பறவை என்றதும் இன்னொன்று. மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் இயற்கைக் காப்பு மையம் இருக்கிறது. 2011-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மாணவர்கள் தன்னார்வலர்களாகச் சேரலாம். நாமக்கோழிக் கூட்டத்தை ஒன்று ஒன்றாக எண்ண முடியாது. பத்து எண்ணிப் பார்த்து, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, மீதியைப் பத்துப் பத்தாகத் தள்ள வேண்டும். விடியற்காலையில் குளத்தங்கரைச் சேற்றில் நின்று இதைப் பழகுவதை விட நல்ல பொழுதுபோக்கு இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

குளிப்பதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், அத்தை பயமுறுத்துகிறாள் என்று நினைக்காதே. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போனான். அருவியடியில் நிற்கிறவனுக்கு மலைமேல் பெய்கிற மழை தெரியாது. தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் வர ஆரம்பித்தாலோ அந்த நிமிஷமே வெளியே வா. சோப்பும் துண்டும் போனால் போகட்டும். ஆற்றில் வேறு ஆபத்து. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும். இடுப்பளவில் நடந்துகொண்டிருந்தவன் அடுத்த அடியில் முங்கிவிடுவான். ஊர்ப் பெண்கள் துணி துவைத்துக் குளிக்கிற படித்துறையில் இறங்கு. ஆள் இல்லாத அழகான துறையில் ஆள் இல்லாததற்குக் காரணம் இருக்கும். மலையடிவார ஊர்களில் இருட்டிய பிறகு சைக்கிளும் வேண்டாம். கரடி இறங்குகிற இடம்.

இரண்டாம் நாள் திருநெல்வேலி போய், திருச்செந்தூர் ரயிலில் ஏறுங்கள். 1923-ல் போட்ட பாதை. செய்துங்கநல்லூர், தாதன்குளம் தாண்டித் திருவைகுண்டத்தில் இறங்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண் அரித்துப் போக, சென்னைக்குக் கிளம்பிய ரயில் இந்த நிலையத்தில்தான் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. பக்கத்திலிருந்த புதுக்குடிக்காரர்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் நிற்க, அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அங்கே எட்டாவது அணைக்கட்டைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஆதிச்சநல்லூர் போங்கள். 114 ஏக்கர் பரம்பு. இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த இடம். தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் நஞ்சை தெரியும். உழமுடியாத மேட்டை இறந்தவர்களுக்கும், தண்ணீர் பாய்கிற நிலத்தை உயிரோடு இருப்பவர்களுக்கும் என்று அந்தக் காலத்திலேயே பிரித்திருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் கொற்கை வழியாகப் புன்னைக்காயல் வரை போகலாம். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கையிலிருந்து இன்று கடலைப் பார்க்க முடியாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் கடலைத் தள்ளிவிட்டது. நேரம் இல்லாவிட்டால் இதை விட்டுவிடு. அவசரமாக ஓடிப் பார்க்கிற இடம் இல்லை அது.

பொங்கல் நாலு நாளும் எல்லா அருவியிலும் கூட்டம் நெரியும். அது கழிந்து வந்தால் பறவைக் கணக்கெடுப்பும் கிடைக்கும். ஆனால் பெயர் முன்னாலேயே கொடுக்க வேண்டும். வழுக்காத செருப்பு, தொப்பி, தண்ணீர் பிடிக்க எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். படுக்க இடமும் சாப்பாடும் வீட்டில் உண்டு. சைக்கிள் நாலுக்கு இங்கே சொல்லி வைக்க வேண்டும், அதனால் தேதியை மட்டும் சீக்கிரம் எழுது.

உன் அத்தை