நடுச்சுவரில் கை வைக்க முதல்

வவுனியா

அன்புள்ள மருமகளுக்கு, மாமா எழுதுவது.

பேத்தியின்ர சாமத்தியவீட்டுக்கு முதல் ஹோலையும் சாமியறையையும் ஒண்டாக்கப் போறாயாம், மேசனுக்கு முற்காசும் குடுத்தாச்சாம் எண்டு நேற்று கொம்மா சொன்னா. போனில கதைச்சால் கத்திப்போடுவன், அதுதான் கடிதம்.

பிள்ளை, இடையில நிக்கிற நடுச்சுவர் வெறும் மறைப்புச் சுவர் இல்லை. உங்கட வீட்டுக்குத் தூண் ஒண்டும் இல்லை, சுவர்தான் கூரையைத் தாங்குது. நடுச்சுவர் முகடு மட்டும் ஏறிப்போய் முகட்டு வளையைத் தன்ர தலையில வைச்சிருக்கு. அதை எடுத்தால் ஓட்டுப் பாரம் எங்க இறங்கும்? "ஒரு பீம் போட்டால் சரி" எண்டு மேசன் சொல்லுவார். சுவர் முழுக்கப் பரவி நிண்ட பாரத்தை அந்த பீம் இரண்டு முனையில கொண்டுபோய்க் குத்தும். அவ்வளவைத் தாங்கவெண்டு அந்த இடங்களில அத்திவாரம் போடேல்லை. எனக்குத் தெரியும், அந்த வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவன் நான். இந்திய வீட்டுத்திட்டம் தந்த 550,000 ரூபா கூரைக்கு வர முதலே முடிஞ்சு, கொம்மான்ர சங்கிலி போனது உனக்கும் தெரியும்.

2020 புரட்டாதியில கண்டி புவெலிகடையில 5 மாடிக் கட்டடம் சரிஞ்சு 3 பேர் செத்தவை, அதில ஒண்டு கைக்குழந்தை. அது மாடி, மலைநிலம், உங்கட ஓட்டு வீட்டோட ஒப்பிடக்கூடாதுதான். ஆனா ராத்திரி எனக்கு அதுதான் கண்ணுக்குள்ள நிண்டது.

புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக்குப் போ. வீட்டுப் படமும் காணிப் பெர்மிட் பிரதியும் கொண்டு போ. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பாக்கட்டும், தவிசாளரின்ர கையெழுத்தோட அனுமதி வரட்டும். கட்டின வீட்டை மாத்தவும் எழுத்தில அனுமதி வேணும் எண்டது வெள்ளைக்காரன் 1915 இல போட்ட சட்டம். "ஆர் வந்து பாக்கப் போகினம்" எண்டு உன்ர மனுசன் கேட்டவராம்.

அவருக்கு அந்தத் தகரப் பெட்டிக் கதையைச் சொல்லு. 2009 தை மாதம் உடையார்கட்டைப் பாதுகாப்பு வலயம் எண்டு அறிவிச்சு, அதுக்குள்ளயே செல் விழ, கொப்பா உறுதியையும் பெர்மிட்டையும் தகரப் பெட்டியில வைச்சுத் தேசிமரத்தடியில தாட்டவர். கையோட கொண்டுபோவம் எண்டு நான் சொன்னனான். சட்டி பானை தூக்கினவைக்கு அந்தப் பெட்டி பாரமாய்ப் போச்சு! திரும்பி வந்தால் மரமும் இல்லை, பெட்டியும் இல்லை. எங்கட வளவு எங்கட எண்டு காட்ட ஒரு கந்தோர் வாசலில எத்தனை நாள் நிண்டன். "பேப்பர் இல்லாட்டி நீங்கள் ஆர்?" எண்டு ஒரு பொடியன் கேட்டான், என்ர மகன் வயசு. கொப்பா இருந்திருந்தால், பேப்பரை விடக்கூடாது எண்டு அவருக்கும் சொல்லியிருப்பன்.

வீடு உன்ர, முடிவும் உன்ர. ஆனா முற்றத்தில பந்தல் போட்டால் ஹோலை விடச் சனம் கூட இருக்கும், அந்தச் செலவை நான் தாறன். முற்காசைத் திருப்பிக் கேக்க வெக்கமெண்டால் நான் கேக்கிறன்.

கனக்கக் கதைச்சிட்டன், கோவிக்காத. உன்னைப் போலப் பொறுப்பான பிள்ளை எங்கட பரம்பரையிலயே இல்லை எண்டு மாமியிட்ட எப்பவும் சொல்லுவன். பேத்திக்கு மாம்பழ நிறத்தில சீலை எடுத்து வைச்சிருக்கிறா. பயறு 5 கிலோவும் வரும்.

சபைக்குப் போற நாளைச் சொல்லு, முதல் பஸ்ஸில நானும் வாறன்.

அன்புடன்,
மாமா